கூட யார் இருக்கிறார்கள்?

மருத்துவமனையில் சேரும்போது நிரப்பித் தரும் படிவத்தில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும்: மணமானவரா, இல்லையா? ரத்த வகையைக் கேட்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்பதும் புரிகிறது. கல்யாணம் ஆகிவிட்டதா என்பதற்கும் உடம்பில் வளரும் கட்டிக்கும் என்ன தொடர்பு? யாரும் கேட்பதில்லை. 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் பல லட்சம் நோயாளிகளுக்கு இந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறது. 2013இல் பாஸ்டன் நகர மருத்துவர் அயால் ஐசரும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் அதிக உயிர்களைக் குடிக்கும் பத்துப் புற்றுநோய்கள். நுரையீரல், மார்பகம், பெருங்குடல், கணையம் எல்லாம் அதில் அடக்கம். 2004 முதல் 2008 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் முழுத் தகவல் கிடைத்தவர்கள் 7,34,889 பேர். வயது, பால், இனம் போன்றவற்றைச் சமப்படுத்தி, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது, என்ன சிகிச்சை கிடைத்தது என்பதையும் சமப்படுத்திய பிறகு பார்த்தால், மணமானவர்கள் அந்தப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. 'மற்றவர்கள்' என்பதில் மணமே ஆகாதவர், மணமுறிவு பெற்றவர், பிரிந்து வாழ்பவர், துணையை இழந்தவர் எல்லோரும் சேர்த்தி.

இன்னொன்றையும் அந்தக் குழு சொன்னது. மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல், உணவுக்குழாய், தலை மற்றும் கழுத்து ஆகிய ஐந்து வகைகளில், திருமணத்தோடு சேர்ந்து வரும் இந்தப் பலன், கீமோதெரபியால் கிடைப்பதாக முந்தைய ஆய்வுகள் சொன்ன பலனைவிடப் பெரிது.

படித்தவுடன் தாலியே மருந்து என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. ஆனால் இது வெறும் எண் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையைப் பொறுமையாகத் தேடினால், தனியாக வாழும் நோயாளிகளுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய சில விஷயங்கள் கிடைக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 20 சதவீதம். நூறு பேரில் இருபது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்பது அதன் பொருள் அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு பிரிவில் 10 பேர் இறக்கிறார்கள் என்றால், அதே அளவுள்ள, மற்ற வகைகளில் அதே போன்ற இன்னொரு பிரிவில் 8 பேர் இறக்கிறார்கள் என்பதுதான் பொருள். இதை ஆபத்து விகிதம் என்பார்கள். பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளும் புற்றுநோயில் இந்த வேறுபாடு சிலரைத்தான் தொடும். பெரும்பாலோர் இறந்துவிடும் புற்றுநோயில் அது சாவைச் சற்றுத் தள்ளிப்போடுவதாக இருக்கலாம். கீமோதெரபியோடு ஒப்பிட்டதையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீமோதெரபியின் பலன் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்துக் கண்டது. திருமணத்தின் பலன், வாழ்க்கையில் தானாகப் பிரிந்து நிற்கும் இரண்டு கூட்டங்களைத் தூர நின்று பார்த்துக் கண்டது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1858இலேயே இங்கிலாந்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், பிரான்ஸ் நாட்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து, மணமானவர்கள் மணமாகாதவர்களைவிடக் குறைவாக இறக்கிறார்கள், துணையை இழந்தவர்கள் நிலை இன்னும் மோசம் என்று காட்டினார். அன்றிலிருந்து ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது. திருமணம் ஆட்களை ஆரோக்கியமாக்குகிறதா, ஆரோக்கியமானவர்கள்தான் திருமணம் செய்துகொள்கிறார்களா?

நம் ஊரில் சில பள்ளிகள் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஆண்டுதோறும் பேனர் கட்டும். ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கியவர்களுக்கு டிசி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தத் தேர்ச்சியில் ஆசிரியரின் உழைப்பு எவ்வளவு, வாசலிலேயே வடிகட்டியது எவ்வளவு என்று பேனரைப் பார்த்துச் சொல்ல முடியாது. திருமணத்துக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. நாள்பட்ட நோய், வறுமை, வேலையின்மை, குடிப்பழக்கம், மனநோய் உள்ளவர்கள் அந்த வாசலைத் தாண்டுவது கடினம். தாண்டினாலும் உறவு நிலைப்பது கடினம். இப்படி வருகிற கோணலைத் தேர்வுச் சாய்வு என்று சொல்லலாம். அமெரிக்கப் பதிவேட்டில் நோயாளி புகைபிடிப்பவரா, சர்க்கரை நோயோ இதய நோயோ உண்டா என்ற விவரங்கள் இல்லை. கணக்கில் இல்லாத ஒன்றைச் சமப்படுத்த முடியாது. ஆகவே அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கு இந்த வாசலில் வந்ததாக இருக்கலாம்.

யாரையும் குலுக்கல் போட்டுக் கல்யாணம் செய்துவைக்க முடியாது. எனவே ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். நோயாளி நடந்துவரும் பாதையில் எந்தெந்த இடத்தில் இந்த வேறுபாடு தோன்றுகிறது என்று தேடினார்கள். 1987லேயே ஜேம்ஸ் குட்வின் குழு, நியூ மெக்சிகோ மாநிலத்தின் 27,779 நோயாளிகளிடம் மூன்று இடங்களைக் காட்டியிருந்தது. மணமாகாதவர்களுக்கு நோய் பரவிய பிறகே தெரியவருவது அதிகம். சிகிச்சையே கிடைக்காமல் போவது அதிகம். இவை இரண்டையும் சமப்படுத்திய பிறகும் அவர்கள் உயிர்வாழும் காலம் குறைவு. கால் நூற்றாண்டு கழித்து ஐசர் குழு கண்டதும் அதே மூன்று இடங்கள்தாம்.

முதல் இடத்துக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். வெள்ளையர்களிடம் அதிகம் காணப்படும் இந்த நோய் ஒரு மச்சம்போலத் தொடங்கும். ஆண்களுக்கு அது அதிகம் வருவது உடலின் நடுப்பகுதியில், குறிப்பாக முதுகில். தன் முதுகை யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மெலனோமா நோயாளிகளை எடுத்துக்கொண்டது. கட்டி மிக மெல்லியதாக இருந்தபோதே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மணமானவர்களில் 45.7 சதவீதம், துணையை இழந்தவர்களில் 32.2 சதவீதம். துணையை இழந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால் வயதையும் சமப்படுத்திப் பார்த்தார்கள். அப்போதும் வேறுபாடு இருந்தது. இதற்கு ஹார்மோனையோ மன உறுதியையோ இழுக்க வேண்டியதில்லை. 'என்னங்க, இந்த மச்சம் முன்னாடி இப்படி இல்லையே' என்று சொல்ல ஒருவர் இருந்தார், அல்லது இல்லை.

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஒருவர் 2020இல் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் 2018இல் தெரிந்தால் இரண்டு ஆண்டு வாழ்ந்தார் என்போம். 2015இல் தெரிந்திருந்தால் ஐந்து ஆண்டு என்போம். சாகும் நாள் நகரவே இல்லை; தெரிந்துகொண்ட நாள்தான் முன்னால் வந்தது. இதை முன்னறிதல் மாயை என்று அழைக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிப்பதை மட்டும் வைத்து ஆயுள் கூடியது என்று சொல்லிவிடக் கூடாது. ஐசர் குழு நோயின் ஒரே கட்டத்தில் உள்ளவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சை என்ற இரண்டாவது இடம் புற்றுநோயை அருகில் பார்த்த எவருக்கும் தெரியும். ரேடியேஷன் என்றால் பல வகைகளில் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம் போய்வர வேண்டும். பஸ் பிடிப்பதும், டோக்கன் வாங்குவதும், ரிப்போர்ட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதும் வாந்தியோடும் சோர்வோடும் நடக்க வேண்டும். கீமோதெரபி முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை அணுக்கள் சரிந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். நோயாளி போர்த்திக்கொண்டு படுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'இப்பவே கிளம்பு' என்று சொல்பவர் பக்கத்தில் இருந்தால் அன்றைய இரவின் கதை வேறாகிறது.

பணம்தான் காரணமோ என்றும் பார்த்தார்கள். அமெரிக்காவில் கணவன் அல்லது மனைவியின் வேலை வழியாகத்தான் பலருக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. 2016இல் ஸ்கார்லெட் கோமெஸ் குழு கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ எட்டு லட்சம் நோயாளிகளை ஆராய்ந்தது. மணமாகாத ஆண்களின் இறப்பு வீதம் மணமானவர்களைவிட 27 சதவீதம் அதிகம்; பெண்களில் 19 சதவீதம். காப்பீட்டையும், வசிக்கும் பகுதியின் வசதியையும் சமப்படுத்தியபோது அந்த எண்கள் 22, 15 என்றே இறங்கின. பணம் காரணம்தான், ஆனால் சிறிய காரணம். நார்வேயில் எல்லோருக்கும் அரசே மருத்துவம் தருகிறது. அங்கே 1970களின் தொடக்கத்தில் மணமே ஆகாத ஆண்களின் புற்றுநோய் இறப்பு, மணமானவர்களைவிட 18 சதவீதம் அதிகமாக இருந்தது. 2005–2007இல் அது 35 சதவீதமாகிவிட்டது. பெண்களில் 17இலிருந்து 22. சிகிச்சை முன்னேற முன்னேற இடைவெளி கூடியிருக்கிறது என்பது என்னை மிகவும் யோசிக்கவைத்த விஷயம். சிகிச்சை நீண்டதாகவும் பல படிகள் கொண்டதாகவும் ஆகிறபோது, அதைக் கடக்கத் துணையாக ஓர் ஆள் இருப்பதன் மதிப்பும் கூடுகிறது என்பது ஒரு விளக்கம். இப்போதெல்லாம் தனியாக இருப்பவர்கள் யார் என்பதே மாறிவிட்டது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் ஆண்களுக்குப் பலன் அதிகம், பெண்களுக்குக் குறைவு. இது ஏன் என்று எந்தக் குடும்பத்துப் பெண்ணையும் கேட்டால் சொல்லிவிடுவார். 2009இல் அமெரிக்காவில் மைக்கேல் கிளான்ட்ஸ் குழு, மூளைக் கட்டி, மற்றப் புற்றுநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் ஆகியவற்றில் ஒன்று வந்த 515 பேரைத் தொடர்ந்து கவனித்தது. நோயாளி ஆணாக இருந்தால் அந்தத் தம்பதியர் பிரிந்தது 2.9 சதவீதம். நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதம். இந்த எண்ணைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. படிவத்தில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடித்திருப்பார்கள். அந்த டிக்குக்குப் பின்னால் ஒருவருக்குப் பத்தியக் கஞ்சி வைத்துத் தர ஆள் இருந்தது. இன்னொருவர் தன் வாந்தியையும் கழுவிவிட்டு வீட்டுக்குச் சமைத்தும் வைத்திருக்கலாம்.

ஆக, அந்தக் கட்டம் மிகவும் மொண்ணையான கருவி. சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டப்படி மணம் செய்யாதவர்கள் அதில் தனியர்கள். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தையின்றி இருப்பவர்கள் மணமானவர்கள். அப்படியானால் உண்மையில் அளக்க வேண்டியது என்ன?

அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகளாகத் தொடரும் பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து, மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 பெண்களை கேண்டிஸ் குரோங்கே குழு 2006இல் ஆராய்ந்தது. நோய் வருவதற்கு முன்பே இவர்களிடம் உறவினர், நண்பர், பிள்ளைகள் பற்றிக் கேட்டு வைத்திருந்தார்கள். மனிதத் தொடர்பு மிகக் குறைவாக இருந்தவர்கள் இறக்கும் ஆபத்து, நிறைய இருந்தவர்களைவிட 66 சதவீதம் அதிகம். நெருங்கிய நண்பர்கள், உறவினர், உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஆகியோர் இருந்ததும் இல்லாததும் பெரிய வேறுபாட்டைத் தந்தன. கணவர் இருந்ததும் இல்லாததும் தரவில்லை. கலிஃபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வும் இதோடு பொருந்துகிறது. வெளிநாட்டில் பிறந்து குடியேறிய ஆசிய, லத்தீன் அமெரிக்க நோயாளிகளில், மணமாகாததால் வரும் இழப்பு வெள்ளையர்களைவிடக் குறைவாக இருந்தது. அண்ணன், தங்கை, அத்தை, ஒரே ஊர்க்காரர் என்று சூழ்ந்திருப்பவர்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அமெரிக்க எண்களை அப்படியே நம் குடும்பங்கள்மீது பொருத்திவிடக் கூடாது என்பதற்கும் இது ஓர் எச்சரிக்கை. இங்கே மணமாகாத ஒருவர் அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

எஞ்சியிருப்பது மூன்றாவது இடம்: நோயின் கட்டத்தையும் சிகிச்சையையும் சமப்படுத்திய பிறகும் மிஞ்சும் இடைவெளி. அன்பும் ஆறுதலும் நேரடியாகவே கட்டியைத் தடுக்குமா? ஆய்வகத்தில் சில தடயங்கள் உண்டு. ஹூஸ்டன் நகரில் அனில் சூட் குழு 2006இல், எலிகளை நாள்தோறும் நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது அவற்றின் சூலகக் கட்டிகள் வேகமாக வளர்ந்ததையும், பதற்ற ஹார்மோன்களின் வழியை ஒரு மருந்தால் அடைத்தபோது அது நின்றதையும் காட்டியது. மனிதர்களிடம் கதை இவ்வளவு நேராக இல்லை. 1989இல் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வாராவாரம் கூடிப் பேசவைத்தார். அவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். இரண்டு மடங்கு! மருத்துவ உலகமே பரபரத்தது. ஆனால் 2001இல் கனடாவில் பமீலா குட்வின் 235 பெண்களை வைத்து அதையே செய்தபோது ஆயுள் 17.9 மாதம், 17.6 மாதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. மனவேதனையும் வலியும் மட்டும் குறைந்தன. ஸ்பீகலே 2007இல் தன் ஆய்வைத் திரும்பச் செய்தார். ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. அதை அவரே வெளியிட்டார். அறிவியல் இப்படி நடந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அதன்மேல் மதிப்பு கூடுகிறது. வலியும் வேதனையும் குறைவது சிறிய பலனும் அல்ல.

மன உறுதி பற்றிய பேச்சு ஆபத்தாகவும் மாறக்கூடியது. ஜோன் டெல்ஃபாட்டோர் என்ற அமெரிக்கப் பேராசிரியை தனியாக வாழ்பவர். முற்றிய பித்தப்பைப் புற்றுநோய் வந்தபோது, அவர் முதலில் பார்த்த மருத்துவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். நண்பர்களும் உறவினர்களும் நிறைய இருப்பதாக இவர் சொல்லியும், இந்த நிலையில் உள்ளவருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வேண்டாம் என்று வீரியம் குறைந்த மருந்தையே முன்வைத்தார். டெல்ஃபாட்டோர் வேறு மருத்துவரிடம் போய் முழுவீச்சுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, 2019இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் எழுதினார். மணமாகாதவர்களுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைப்பதற்குப் பல கட்டுரைகள் அவர்களுக்கு வாழும் ஆசை குறைவு என்பதுபோல ஊகித்திருந்தன. ஆனால் அதே அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில், பரிந்துரைத்த சிகிச்சையை நோயாளி மறுத்தாரா என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மறுத்தவர்கள் மிகச் சிலரே என்று அவர் காட்டினார். அப்படியானால் சிகிச்சை கிடைக்காதவர்களில் பலருக்கு அது முன்வைக்கப்படவே இல்லையோ என்ற கேள்வி எழுகிறது. தனியாக இருப்பவரால் தாங்க முடியாது என்று முடிவுகட்டி மருந்தைக் குறைத்தால், அவர் முன்னதாகவே இறப்பார். அந்த மரணமும் மணமாகாதவர் கணக்கில் ஏறும். அடுத்த மருத்துவர் அந்தக் கணக்கைப் படிப்பார்.

'மணமானவரா' என்ற கேள்விக்குப் பதிலாக மருத்துவர் கேட்க வேண்டியவை வேறு. உங்களை யார் கூட்டிவந்தார்கள்? வீட்டில் சமைப்பது யார்? இரவில் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வீர்கள்? யாரும் இல்லை என்று பதில் வந்தால், மருந்தைக் குறைக்கக் கூடாது, ஆளைக் கொடுக்க வேண்டும்.

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த ஹரால்ட் ஃபிரீமன், 1990இல் நோயாளிக்கு ஒரு வழித்துணையை ஏற்பாடு செய்தார். காகித வேலை, காப்பீடு, அடுத்த பரிசோதனைக்குத் தேதி, பயம் எல்லாவற்றிலும் கூடவே வருபவர் அவர். அதற்கு முன் அந்த மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 39 சதவீதம். இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்த பிறகு 70 சதவீதம். இதில் முன்னறிதல் மாயைக்கும் ஒரு பங்கு உண்டு, புதிய மருந்துகளுக்கும் உண்டு. அப்படியும் முற்றிய நிலையில் வருபவர்கள் பாதிப் பேரிலிருந்து ஐந்தில் ஒருவராகக் குறைந்தது உண்மை.

குலுக்கல் முறையில் செய்யப்பட்ட சான்றும் இருக்கிறது. ஈதன் பாஷ் நியூயார்க்கில் பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினர், அதே சிகிச்சையோடு, வாந்தி, வலி, மூச்சுத்திணறல், பசியின்மை என்று பன்னிரண்டு தொல்லைகளைப் பற்றிக் கணினியில் அவ்வப்போது பதிவுசெய்தார்கள். ஏதாவது ஒன்று மோசமானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும்; அவர் போன் செய்வார், மருந்தை மாற்றச் சொல்வார், கிளம்பி வரச் சொல்வார். புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. வழக்கமான பிரிவில் பாதிப் பேர் 26 மாதம் கடந்து வாழ்ந்தார்கள். இந்தப் பிரிவில் 31.2 மாதம். இந்த ஆய்வு திருமணத்தைப் பற்றியது அல்ல. ஆனால் அக்கறையுள்ள ஒரு துணை வீட்டில் செய்யும் வேலையில் ஒரு பகுதியை, தினசரி எப்படி இருக்கிறது என்று கேட்டு உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லும் பகுதியை, ஒரு மருத்துவமனை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் கணினியைப் பயன்படுத்திப் பழக்கமில்லாதவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது அங்கிருந்த கணினியில் பதிவுசெய்தார்கள். பெரும்பாலான அளவுகளில் அவர்களுக்குத்தான் பலன் அதிகமாகக் கிடைத்தது.